இடது கைச் சவரக்கத்தி

மதியம் மூன்று மணி. மூடிய ஆலைக்குப் பின்னால் போகிற சாலை... வெயிலில் ஒரு காக்கைகூட இல்லை. பேய்க்கு ராத்திரிதான் வேண்டும் என்று யார் சொன்னது? சும்மா சிரிக்காமல் நெருங்கி உட்காருங்கள். இது என் நண்பனின் சொந்த அத்தை புருஷனுக்கு நடந்தது.

லேத் பட்டறையில் வேலை அவருக்கு. எல்லோரும் ‘பாலிஷ்’ என்றுதான் கூப்பிடுவார்கள். துருவைக் கண்டால் கை சும்மா இருக்காது. கல்யாணத்துக்கு முந்தின நாள் மாமனார் வீட்டுத் தாழ்ப்பாளைத் தேய்த்துக்கொண்டிருந்த ஆள்! நான் சொல்கிற மதியம், அந்த ஆலைச் சாலையில் நடந்து வரும்போது அவர் சட்டைப் பையில், பழைய இரும்புக்கடையில் பொறுக்கிய மடக்குச் சவரக்கத்தி. பின்னாலேயே சத்தம். சரக்... சரக்... தோல்வாரில் கத்தி தீட்டுகிற சத்தம். திரும்பினார். வெறும் சாலை. வெயில் காதை அடைக்கிறது என்று நடையைக் கட்டினார்.

கத்தியை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டார். மெஷினில் வைத்தால் சூடேறி இரும்பு செத்துவிடும், அப்புறம் கூர் நிற்காது என்று, உப்புத்தாளை விரலில் சுற்றிக் கையாலேயே தேய்த்தார். துரு கரைந்து சிவப்பாக வழிந்தது. மண்ணெண்ணெய் வாடைக்கு அடியில் இன்னொரு வாடை... கறிக்கடை வாடை. பளபளப்பு வந்த பிறகுதான் கவனித்தார், வெட்டும் ஓரம் கோணலாகத் தேய்ந்திருந்தது. யாரோ ஒரு இடது கைக்காரன் வருஷக்கணக்காக ஒரே சாய்வில் பிடித்த தேய்மானம்.

“கல்லுல போட்டு நேராக்கிடுங்களேன்” என்றாள் மனைவி.

“அட போடி! எவ்ளோ அழகா இருக்கு. ஒருத்தனோட கைவாகு இது, அழிக்க மனசு வரல.”

வேறு எந்தத் தொழில்காரனும் நேராக்கியிருப்பான். இவர் அந்தக் கோணலை அப்படியே விட்டு, அதற்கே கூர் ஏற்றினார். பைத்தியக்காரத்தனம்!

மறுநாள் மச்சான் வந்தான். மனைவியின் ஒரே தம்பி. தாயில்லாத பிள்ளை, அவள் இடுப்பில் தூக்கி வளர்த்தவன். புது வேலையில் சேரப் போகிறான். “மாமா, உங்க கத்தியாலயே தாடியை எடுத்து விடுங்க” என்று ஜன்னலோரம் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டான்.

சோப்பு நுரை. இரண்டு இழுப்பு. மூன்றாவது இழுப்பில் பார்க்கிறார்... கத்தி இடது கையில் இருக்கிறது. எப்போது மாறியது என்று தெரியவில்லை. இடது கையால் ஒரு திருகுகூடத் திருப்பாத மனுஷன்! கை அவ்வளவு லாவகமாக வழித்தது. கன்னம், தாடை, அப்புறம் தொண்டை. அங்கே நின்றது. எடுக்கப் பார்த்தார்... வரவில்லை.

“டேய்... எந்திரிச்சு ஓடுடா!”

“கூசுது மாமா” என்று அவன் சிரித்தான். தொண்டையில் முதல் ரத்தம் பொட்டாகத் துளிர்த்தது.

வலது கையால் கத்தியின் கூர்ப்பக்கத்தையே அள்ளிப் பிடித்தார். இடது கை இழுத்தது. கரக்... எலும்பில் உரசியது. விடவில்லை. மறுபடி இழுத்தது. வெள்ளை நுரை முழுக்கச் சிவப்பு. பையன் அலறிக்கொண்டு நாற்காலியோடு சாய்ந்தான். மனைவி ஓடிவந்து, இரும்புச் சட்டியால் கத்தி பிடித்த மணிக்கட்டை ஓங்கி ஓங்கி அடித்தாள். நாலாவது அடியில்தான் கத்தி விழுந்தது.

பையன் பிழைத்தான். தொண்டையில் ஒரு கோடு, அவ்வளவுதான். கத்தி வழுக்கியது, இடது கை நரம்பு இழுத்துக்கொண்டது, மாமா வலது கையைக் கொடுத்துக் காப்பாற்றினார் என்றே மனைவி உட்பட எல்லோரும் பேசினார்கள்.

ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் அவர் கேட்டது ஒன்றுதான். “டாக்டர், என் இடது கையை எடுத்துடுங்க.”

டாக்டர் காய்ச்சல் பேச்சு என்று நினைத்தார். “வலது கை விரல் இனி மடங்காதுங்க, நரம்பெல்லாம் போச்சு. ஆனா அத்தனை அடி பட்டும் இடது கைல ஒரு கீறல்கூட இல்ல. நல்லா பலமா இருக்கு. இனி எல்லாத்துக்கும் அதுதான்.” தட்டிக்கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

மனைவி இடது பக்கம் வந்து உட்கார்ந்தாள். அந்தக் கையை எடுத்துத் தன் கழுத்தோடு அணைத்துக்கொண்டு விம்மினாள். “எந்தம்பி உசுரைக் காப்பாத்துனீங்களே...”

“தள்ளி உக்காருடி...”

“உங்களை விட்டுட்டு எங்க போவேன்?” இன்னும் கிட்டே வந்தாள்.

வலது கையைத் தூக்கப் பார்த்தார். தோள் வரைக்கும் கட்டு... அசையவில்லை. இடது கைக் கட்டைவிரல் மட்டும், மெதுவாக, சவரத்துக்குத் தூக்குவது போல அவள் தாடையை மேலே தூக்கியது.