துள்ளிய பென்சில்

பழைய ராணுவக் கைத்துப்பாக்கியை விலைக்குப் பார்க்கிறவர்கள் பெரும்பாலும் குழலுக்குள்தான் முதலில் கண்ணை வைப்பார்கள். நான் ஸ்க்ரூவின் தலையைப் பார்ப்பேன். அது சிதைந்திருந்தால், பொருந்தாத திருப்புளியோடு யாரோ உள்ளே கைவைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். எவ்வளவு பளபளத்தாலும் வைத்துவிட்டு நகர்ந்துவிடலாம். டெப்யூட்டி, ஆரின் வாங்கிய துப்பாக்கியில் ஸ்க்ரூக்களெல்லாம் ஒழுங்காகவே இருந்தன. விற்றவர்மேல் குற்றம் சொல்ல எதுவுமில்லை. அதை உங்கள் போலீஸ் அறிக்கையில் முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

நானும் ஆரின் லண்டும் சர்க்கரை ஆலையில் முப்பத்தொரு வருடம் ஒரே ஷிப்டில் வேலை பார்த்தோம். அவன் கொதிகலனில், நான் பழுதுபார்ப்பில். என் மனைவி ஈடித் தவறிப்போனாள். நாலு வருடம் கழித்து அவன் மனைவியும் போனாள். அதன்பிறகு எங்கள் இருவருக்கும் சனிக்கிழமைகள்தான் மிச்சம். ஜல்லி எடுத்துக் கைவிட்ட பள்ளத்தில் தகர டப்பாக்களை அடுக்கிச் சுடுவோம். பிறகு டோனாவின் கடையில் காபியும் ஒரு துண்டு ஆப்பிள் பையும். வாரத்தின் மற்ற ஆறு நாட்களில் நான் பேசுவது வானொலியோடுதான்.

அக்டோபரில் பில்லிங்ஸில் துப்பாக்கிக் கண்காட்சி நடந்தது. கூடத்தின் கடைசி மேசையில் இருந்து ஆரின் கூப்பிட்டான்.

"வெர்ன், இங்க வாடா. இவளக் கொஞ்சம் பாரு."

"எழுபத்திரண்டு வயசுல உனக்கு இவளா?"

"உன் மூஞ்சியவே பாத்துப் பாத்து கண்ணு பூத்துப்போச்சுடா. ஒரு மாறுதலுக்கு வேணாமா?"

கிழக்கு ஐரோப்பிய ராணுவம் ஒன்று கழித்துக்கட்டிய துப்பாக்கி. மூன்று பாகங்களிலும் ஒரே எண், எல்லாம் அசல். குழலில் குழியில்லை, துருவில்லை. கைப்பிடியின் ஓரத்தில் மட்டும் எந்தச் சிப்பாயோ தன் பெயரின் முதலெழுத்தைக் கீறியிருந்தான். நல்ல சரக்கு என்றேன். நான் சொன்னதும் ஆரின் வாங்கிவிட்டான். எப்போதும் அப்படித்தான். நான் பார்த்துச் சொன்னால் அவனுக்குப் போதும்.

திரும்பும் வழியில் என் பிக்கப்பில் வைத்துத்தான் சொன்னான்.

"டூசான்ல கார்லா எனக்கு ரூம் போட்டு வெச்சிருக்காடா. நவம்பர்ல தேங்க்ஸ்கிவிங் முடிஞ்சதும் கிளம்புறேன்."

கார்லா, தெற்கே அந்தப் பாலைவன ஊரில் இருக்கும் அவனுடைய ஒரே மகள்.

"எத்தன நாளைக்கு?"

"நாளென்ன நாளு, ஒரேயடியாத்தான். இந்தக் குளிர்ல விரலெல்லாம் மரத்துப்போகுது. வீட்ட வாங்கவும் ஆள் வந்துட்டாங்க."

"அங்க தேளு இருக்குமே."

"இருக்கட்டுமே. உன் சமையலத் தின்னவன தேளு என்ன பண்ணிடும்?"

அவன் சிரித்தான், நானும் சிரித்தேன். வண்டியை நேராகத்தான் ஓட்டினேன்.

பிரித்துத் துடைத்துத் தருகிறேன் என்று துப்பாக்கியை வாங்கிக்கொண்டேன். மறுநாள் சமையலறை மேசையில் பழைய துண்டை விரித்து ஒவ்வொரு பாகமாகக் கழற்றினேன். ராணுவக் கிடங்கில் பூசிய மெழுகு கிரீஸ் இடுக்கெல்லாம் காய்ந்து கிடந்தது. அதைக் கரைத்தெடுத்தேன். களைத்துப்போன ஸ்பிரிங்கை மாற்றினேன். எண்ணெய் அதிகம் போடக்கூடாது. மெல்லிய பூச்சு போதும், மிஞ்சியதைத் துணியால் வழித்துவிட வேண்டும். அந்த வேலை எனக்குப் பிடிக்கும். மனம் எங்கும் போகாது.

கடைசியாகப் பென்சில் சோதனை. இந்த வகைத் துப்பாக்கியில் பக்கவாட்டில் ஒரு லிவர் உண்டு. குண்டு உள்ளே இருக்கும்போதே, வெடிக்காமல், குண்டை அடிக்கும் சுத்தியை இறக்கி வைப்பதற்கு. காலித் துப்பாக்கியின் குழலில் ஒரு பென்சிலைப் போட்டு, வாயை மேலே பார்க்கப் பிடித்து லிவரைத் தட்டினால் பென்சில் அசையக்கூடாது. என் பென்சில் துள்ளி எழுந்து விளக்கில் மோதி விழுந்தது. மூன்று முறை செய்து பார்த்தேன். மூன்று முறையும் துள்ளியது. உள்ளே குண்டு இருந்திருந்தால் வெடித்திருக்கும். உள்ளே ஒரு சின்னத் துண்டு தேய்ந்துபோயிருந்தது. அதற்கு மாற்று என் டிராயரிலேயே இருந்தது.

ஆரினுக்கு ஒரு கெட்ட பழக்கம். சுட்டு முடித்ததும், குண்டு இன்னும் உள்ளே இருக்கும்போதே பிக்கப்பின் பின்பலகையில் உட்கார்ந்து, துப்பாக்கியைத் தொடைமேல் சாய்த்து வைத்துக்கொண்டுதான் லிவரைத் தட்டுவான். ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறேன், கேட்டதில்லை.

டிராயரைத் திறந்தேன். பிறகு மூடிவிட்டேன். நான் செய்தது அவ்வளவுதான்.

செவ்வாய்க்கிழமை ஈடித்தின் தையல் இயந்திரத்தைக் கீழறையிலிருந்து மாடிக்கு ஏற்றிவிட்டு, அந்தக் கீழறையில் ஒரு கட்டில் போட்டேன். ஜன்னல் பக்கமாக. படுத்துக்கொண்டே அவன் ரயில் போவதைப் பார்க்கலாம். புதன்கிழமை குளியலறைச் சுவரில் ஒரு கைப்பிடி பொருத்தினேன். அதை வாங்கும்போது, யாருக்கு என்று கடைக்காரர் கேட்டார். ஆரினுக்குக் காலில் காயம், கொஞ்ச நாள் என்னோடுதான் இருப்பான் என்றேன். ஆரினுக்குக் காயம் பட்டது சனிக்கிழமை. அதைத்தான் நீங்கள் காலையிலிருந்து மூன்று விதமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். ஒரே முறை கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பேன்.

வெள்ளிக்கிழமை துப்பாக்கியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"எப்படிடா இருக்கா?"

"எல்லாம் சரியா இருக்கு."

"நீ சொன்னா சரி."

சனிக்கிழமை நல்ல வெயில். எட்டு டப்பாவில் ஆறை அடித்தான். குதித்தான். அவன் பின்பலகையில் போய் உட்கார்ந்ததும், நான் டப்பா பொறுக்கப் போனேன். முதுகைத் திருப்பிக்கொண்டு இருபது அடி நடந்திருப்பேன். சத்தம் கேட்டது.

ரத்தத்தை நிறுத்த இறுக்கிக் கட்டும் பட்டையை வியாழக்கிழமையே வாங்கி வண்டியில் வைத்திருந்தேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஒருவனைக் கொல்ல நினைப்பவன் அதை வாங்குவானா? தசையோடு போகும் என்றுதான் நினைத்தேன். மருத்துவமனை இருபது நிமிடம். பிறகு கட்டு, ஊன்றுகோல், ஒரு குளிர்காலம். அதற்குள் டூசான் ஆசை ஆறிப்போகும். ஆனால் காயம் இடுப்போரம் மேலே இருந்தது. பட்டை கட்ட இடமில்லை.

கைகளால் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். அவன் முகம் வெளுத்துக்கொண்டே வந்தது.

"வெர்ன், உன் மேல தப்பில்லடா," என்றான். "நீ சொல்லிட்டேதான் இருந்த. நான்தான் கேக்கல."

"பேசாத."

"கார்லாகிட்ட மெதுவாச் சொல்லு. பயந்துடுவா."

அவன் தலை என் மடியில் இருந்தது. கடைசியில் என் சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தான். விரல்களை ஒவ்வொன்றாக நான்தான் விடுவித்தேன். ஈடித் போனபோதுகூட நான் அப்படி அழவில்லை. ஆம்புலன்ஸில் வந்த பெண்ணைக் கேட்டுப் பாருங்கள், சொல்வாள்.

கார்லா விமானத்தில் வந்தாள். அப்பாவை டூசானுக்கே கொண்டுபோய் அடக்கம் செய்யப்போகிறேன் என்றாள். நான் அவளை உட்காரவைத்துப் பேசினேன். அவன் முப்பத்தொரு வருடம் உழைத்த ஊர் இது. அவன் மனைவியின் கல்லறைக்குப் பக்கத்தில் அவனுக்கு இடமிருக்கிறது. என் வீட்டிலிருந்து நடந்தே போய்விடலாம், பார்த்துக்கொள்ள நானிருக்கிறேன் என்றெல்லாம் சொன்னேன்.

"வெர்ன் அங்கிள், நெசமாச் சொல்லுங்க," என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அப்பா எங்கிட்ட வரணும்னுதான ஆசப்பட்டாரு? இல்ல, எனக்காக ஒத்துக்கிட்டாரா?"

"உனக்காகத்தாம்மா ஒத்துக்கிட்டான்," என்றேன். "அவனுக்கு இங்கயே இருக்கணும்னுதான் ஆச."

மற்றதையெல்லாம் நீங்கள் எப்படி வேண்டுமானாலும் எழுதுங்கள், டெப்யூட்டி, கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். அதை மட்டும் பொய் என்று எழுதாதீர்கள்.