வேரைப் பார்க்காமல் சாவு சொன்னவருக்கு

மேடையின் நடுவில் பெரிய நாற்காலியில் அமர்ந்திருக்கும் இயக்குநர் அவர்களே! அவருக்குப் பக்கத்தில் கைக்குட்டையோடு அமர்ந்திருக்கும் துணை இயக்குநர் அவர்களே! முன்வரிசையில், மனைவியைப் பறிகொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கும் எங்கள் தையல்கார அத்தான் அவர்களே! எங்கள் அழைப்பை மதித்து வெளியூரிலிருந்து வந்து, மூன்றாம் வரிசையில் அமைதியாக அமர்ந்திருக்கும் நிதி வாரியத்தின் ஆய்வாளர் அம்மா அவர்களே! நாற்காலி போதாமல் சுவரோரம் நிற்கும் என் நாற்றங்கால் தோழர்களே, தோட்டக்காரர்களே, தண்ணீர் லாரி ஓட்டுநர்களே! எல்லோருக்கும் என் வணக்கம். இயக்குநர் அவர்களுக்கு மட்டும் இரண்டு வணக்கம் வைத்திருக்கிறேன். ஒன்று இப்போது. இன்னொன்று கடைசியில்.

நம் அரசுத் தாவரக் காப்புப் பிரிவின் தலைமை அலுவலர் மறைந்து இரண்டு மாதம் ஓடிவிட்டது. இரங்கல் கூட்டம் நடத்த இவ்வளவு நாளா என்று பலர் கேட்டார்கள். துணை இயக்குநர் அவர்களே படிக்கட்டில் என்னை நிறுத்தி, "என்னப்பா, அந்தம்மாவை அதுக்குள்ள மறந்துட்டீங்களா?" என்று கேட்டார். மறக்கவில்லை ஐயா! மறக்கிற சாதியா நாங்கள்? நாங்கள் காத்திருந்தோம். எதற்காக என்பதைப் பிறகு சொல்கிறேன்.

இந்தக் கட்டடத்தில் அவருக்கு இரண்டு பெயர். கீழே நாற்றங்காலில் அக்கா. மேலே மாடியில் புல்லுக்காரி. அந்தப் பெயர் ஒருநாள் அவர் காதிலேயே விழுந்தது. நாங்கள் எல்லோரும் தரையைப் பார்த்தோம். அவர் படிக்கட்டிலேயே நின்று அண்ணாந்து பார்த்துச் சொன்னார்: "ஆமா, புல்லுக்காரிதான். ஆடு மாட்டுக்குக்கூடப் புல்லோட அருமை தெரியுது. மாடியில இருக்கிறவங்களுக்கு என்ன கேடு?" அன்றிலிருந்து அது வசவு இல்லை, பட்டம். இன்று அந்தப் பட்டத்தோடுதான் அவரை அழைக்கிறேன். எங்கள் புல்லுக்காரி அக்கா!

அவர் என்ன செய்தார்? ஊருக்குப் பின்னால் மொட்டை மேடு என்று ஒன்று இருக்கிறதே, அரசு நிலம், உங்கள் எல்லோருக்கும் தெரியும். பொது நிலம் என்றால் என்ன அர்த்தம்? குப்பை கொட்ட எல்லோருக்கும் சொந்தம், கூட்டிப் பெருக்க யாருக்கும் சொந்தமில்லை! எங்கிருந்தோ வந்த முட்புதர் அந்த மேட்டை முழுசாக விழுங்கியிருந்தது. அதற்கு அடியில், நாங்கள் நீலக்கம்மல் என்று சொல்லும் சின்னச் செடி மூச்சுத் திணறிக்கொண்டிருந்தது. காதில் போடுகிற கம்மல் அளவுக்குத்தான் பூ. நம் மண்ணில் பிறந்து, நம் மண்ணைத் தவிர வேறெங்கும் வளராத செடி. அதைக் காப்பாற்ற அரசு பணம் தர வேண்டும் என்று அக்கா நிதி வாரியத்தின் படியை ஏறினார், இறங்கினார், மறுபடி ஏறினார். ஒருமுறை செடியைத் தொட்டியோடு தூக்கிக்கொண்டு போய் அதிகாரியின் மேசையில் வைத்துவிட்டு, "இதுக்குப் பதில் சொல்லுங்க, நான் வெளியில உட்காந்திருக்கேன்" என்று வந்துவிட்டார். அதிகாரி அதற்குத் தண்ணீர் ஊற்றினாராம். தண்ணீர் ஊற்றியவன் தப்ப முடியுமா? நிதி வந்தது!

வந்த நிதியில் முட்புதரை வேரோடு எடுத்தோம். மேட்டில் நம் ஊசிப்புல்லை விதைத்தோம். அந்தப் புல்லின் விதைக்கு ஊசி மாதிரி வால் இருக்கும். ஈரம் பட்டால் அது தானாக முறுக்கிக்கொண்டு மண்ணுக்குள் இறங்கும். துணியில் பட்டால் துணிக்குள்ளும் இறங்கும். வேலை முடிந்து அக்கா வீட்டுக்குப் போனதும், தையல் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, அத்தான் அவர் புடவையிலிருந்து ஒவ்வொரு ஊசியாகப் பிடுங்குவார். "ஊரெல்லாம் பொண்டாட்டிக்குப் பூ வாங்கிட்டுப் போறான், எனக்கு மட்டும் முள் எடுக்கிற உத்தியோகம்" என்பார். போன வாரம் அவரைப் பார்க்கப் போயிருந்தேன். அக்காவின் பழைய புடவை ஒன்று மடியில் இருந்தது. "பழக்க தோஷம்பா, கை தானா தடவிப் பாக்குது. ஒண்ணுகூட இல்ல" என்றார்.

நாற்றங்காலில் அக்கா ஒரு சட்டம் வைத்திருந்தார். வேரைப் பார்க்காமல் சாவு சொல்லாதே! இலை காய்ந்தாலும் சரி, தண்டு ஒடிந்தாலும் சரி, தோண்டி, வேரை நகத்தால் கீறி, உள்ளே பச்சை இல்லை என்று கண்ணால் பார்க்கிறவரை எந்தச் செடியையும் செத்துவிட்டது என்று சொல்லக்கூடாது. மீறிச் சொல்லி, அது மறுபடி துளிர்த்துவிட்டால் தண்டனை உண்டு. எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று, "நான் வேரைப் பார்க்கவில்லை" என்று சொல்ல வேண்டும். பிறகு அத்தனை பேருக்கும் தேநீர் போட வேண்டும். எங்கள் கணக்கர் அப்படி நின்றிருக்கிறார். தண்ணீர் லாரிக்காரர் போட்ட தேநீரை இன்னும் யாரும் மன்னிக்கவில்லை. ஒருமுறை அவசரத்தில் அக்காவே ஒரு கன்றைப் பார்த்து, "போச்சு, தூக்கிப் போடுங்க" என்றுவிட்டார். யாரோ அதைத் தூக்கிப் போடாமல் மூலையில் வைத்திருக்க, அது துளிர்த்தது. அலுவலராயிற்றே, விட்டுவிடுவோம் என்று நாங்கள் நினைத்தோம். அவர் விட்டாரா? தினக்கூலிக்காரர்கள் முன்னால் எழுந்து நின்றார். "நான் வேரைப் பார்க்கவில்லை" என்று உரக்கச் சொன்னார். அடுப்பைப் பற்ற வைத்தார். அவர்தான் எங்கள் அலுவலர்!

இப்போது இன்னொரு அலுவலரின் கதையைச் சொல்கிறேன்.

போன கோடையில் இயக்குநர் அவர்கள் மேட்டைப் பார்க்க வந்தார். பார்க்க என்று சொல்வதா, கடக்க என்று சொல்வதா? கார் நின்றது. கண்ணாடி நாலு விரல் இறங்கியது. கோடையில் எங்கள் புல் காய்ந்து வைக்கோலாகிவிடும். நீலக்கம்மல் மேலே இலைகூட இல்லாமல், மண்ணுக்கு அடியில் கிழங்காகச் சுருண்டு தூங்கும். அது அதன் பிறவிக் குணம். உள்ளேயிருந்து குரல் வந்தது: "என்னம்மா இது, எல்லாம் செத்துக் கிடக்கு?"

அக்கா கையில் மண்வெட்டியோடு ஓடினார். "சார், ஒரு நிமிஷம் இறங்குங்க சார். தோண்டிக் காட்டுறேன். சாகல சார், தூங்குது."

"தூங்கினது செடி இல்லம்மா, நீங்க."

கண்ணாடி ஏறிவிட்டது. காருக்குள் சிரிப்புச் சத்தம் கேட்டது. துணை இயக்குநர் அவர்களே, அந்தச் சிரிப்பு உங்களுடையது. கைக்குட்டையை இப்போது எடுக்க வேண்டாம்.

பிறகு என்ன நடந்தது? நட்டதெல்லாம் செத்துவிட்டது, அரசு நிதி வீண், அலுவலரின் அலட்சியமே காரணம் என்று அறிக்கை போனது. இயக்குநர் கையெழுத்து! மேட்டுக்கு வந்த நிதி அழகுபடுத்தும் திட்டத்துக்குத் திரும்பியது. அழகு என்றால் என்ன? இந்த அலுவலகத்தின் முன்னால் வெளிநாட்டுப் புல்தரை. மேட்டின் அடிவாரத்தில் கார் நிறுத்தும் இடம். மீதி மேட்டையும் வெற்று நிலம் என்று அறிவித்துக் கைமாற்ற அடுத்த மாதம் முடிவாகப் போகிறது. எங்கள் அக்காவுக்கு என்ன கிடைத்தது? குற்றச்சாட்டு, பணி இடைநீக்கம். ஒரு செடியைக்கூடச் சாகவிடாத பெண்ணுக்கு, ஒரு மேட்டையே சாகடித்தவள் என்ற பெயர்! கடைத்தெருவில் ஒருவர் அவர் காதுபடச் சொன்னார்: "அரசாங்கக் காசைப் புல்லுல போட்டுத் தின்னவங்க." அன்று வீட்டுக்குள் போனவர்தான், பிறகு அதிகம் வெளியே வரவில்லை. இதயம் நின்றுவிட்டது என்று மருத்துவர் எழுதினார். மருத்துவர் தனக்குத் தெரிந்ததை எழுதினார். எனக்குத் தெரிந்ததை நான் சொல்கிறேன். அவமானம்!

இரங்கல் கூட்டத்தில் கோபம் ஆகாது என்று மாடியிலிருந்து ஆள் அனுப்பிச் சொன்னார்கள். ஏன் ஆகாது? அழுதுவிட்டுக் கலைந்து போனால் யாருக்கு வசதி? எனக்கு அழுகை தீர்ந்துவிட்டது, தோழர்களே. கோபம்தான் மிச்சம் இருக்கிறது. பழிவாங்கும் எண்ணமா என்று கேட்கிறீர்களா? ஆமாம்! ஒளிக்க என்ன இருக்கிறது?

ஆனால் பழியை நான் வாங்கவில்லை. அதை அக்கா அப்போதே ஏற்பாடு செய்துவிட்டார்.

கார் நிறுத்தும் இடத்துக்காக அடிவாரத்தை இயந்திரம் வழித்தெடுத்த நாள். அக்கா வேலிக்கு வெளியே குடையோடு நின்றிருந்தார். உள்ளே வர அவருக்கு அனுமதி இல்லை. நான் கொதித்துப்போய் இயந்திரத்துக்குக் குறுக்கே படுக்கப் போனேன். என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார்.

"மண்ணை எங்கடா கொண்டு போறாங்க?"

"ஆபீஸ் முன்னாடிக்கா. நல்ல மண்ணாம், புல்தரைக்கு அடியில கொட்டச் சொல்லி இயக்குநர் உத்தரவாம்."

அக்கா சிரித்தார். நின்று சிரிக்க முடியாமல் வேலிக்கல்லில் உட்கார்ந்து சிரித்தார். இடைநீக்கத்துக்குப் பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அன்று ஒருநாள்தான். "அள்ளட்டும்டா. ஒரு கூடைகூட விடாம நல்லா அள்ளட்டும்."

"என்னக்கா சொல்றீங்க?"

"மழை வரட்டும்."

சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அரசு செலவில் வைத்துக்கொண்டவரை இப்போதுதான் பார்க்கிறேன்! தூங்கிக்கொண்டிருந்த அத்தனை கிழங்கையும், அத்தனை ஊசிப்புல் விதையையும் லாரி லாரியாக ஏற்றி, தன் வாசலில் தானே கொட்டி, மேலே பச்சைக் கம்பளம் விரித்து, தண்ணீரும் விட ஏற்பாடு செய்த மகராசன் எங்கள் இயக்குநர். குழாய்த் தண்ணீருக்கு நீலக்கம்மல் எழாது; மழைக்குத்தான் எழும், அது வர நேரமாகிவிட்டது. அக்கா அதைப் பார்க்காமலே போய்ச் சேர்ந்தார். அதை மட்டும் நான் இந்த ஜென்மத்தில் மன்னிக்க மாட்டேன்.

நாங்கள் எதற்காகக் காத்திருந்தோம் என்று இப்போது புரிகிறதா? மழைக்காக!

மழை வந்தது. புல்தரையைப் பிளந்துகொண்டு முளை வந்தது. எங்கள் தோட்டக்காரர் ஓடிப்போய்ச் சுற்றிலும் கயிறு கட்டினார். "என்னப்பா கயிறு?" என்று இயக்குநர் கேட்டிருக்கிறார். "அரிய சரக்கு சார், யாரும் மிதிக்கக் கூடாது." "வெரி குட்" என்றாராம். வெளிநாட்டுப் புல்லைச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டார்! எங்கள் தோட்டக்காரர் பொய் சொல்லவில்லை, ஐயா.

இந்தக் கூடத்தின் திரைச்சீலையை இழுத்து மூடியதும் நாங்கள்தான். வெயில் அடிக்கிறது என்று காரணம் சொன்னோம். தோழரே, திரைக் கயிற்றை இழுங்கள். முழுசாக இழுங்கள்!

பாருங்கள்! சன்னலுக்கு வெளியே பாருங்கள்! நேற்றுவரை மொட்டாக இருந்தது, இன்று காலை விரிந்தது. நீலக்கம்மல்! இயக்குநர் அறையின் சன்னலுக்கு நேர் கீழே, செத்துவிட்டது என்று கையெழுத்திட்ட அதே செடி. இயந்திரம் வழித்து, லாரி குலுக்கி, கம்பளம் போட்டு மூடியும் சாகாத செடி. அடிவாரத்து மண்ணிலேயே இவ்வளவு என்றால், இன்னும் தொடாத மேட்டில் எவ்வளவு தூங்கியிருக்கும்? காலையில் ஆய்வாளர் அம்மாவை மேட்டுக்கும் அழைத்துப் போனோம். அங்கேயும் நீலம்தான். அவர் காரில் உட்கார்ந்து பார்க்கவில்லை. மண்டியிட்டுத் தோண்டினார். நகத்தால் கீறினார். "பச்சையா இருக்கே" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக எங்கள் அக்கா உயிரை விட்டார்.

தெய்வம் நின்று கொல்லும் என்பார்கள். எங்கள் புல் படுத்துக் கிடந்து கொல்லும்!

அக்கா இன்னும் நம்மோடு வாழ்கிறார் என்று நான் சொல்லப் போவதில்லை. அவர் இறந்துவிட்டார். அவரைக் கையால் தூக்கியவன் நான், பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். அவர் துளிர்க்க மாட்டார். அதனால் அவருக்கு மிச்சமிருப்பது இரண்டுதான். அவர் பெயர், அந்த மேடு. தோழர்களே, அக்கா பெயரில் உறுதி எடுப்போம். இந்த வாசலில் பூத்திருக்கும் ஒவ்வொரு செடியையும், பூ முடிந்து தூங்கப் போனதும், கிழங்கோடு எடுத்து மேட்டில் கொண்டுபோய் வைப்போம். மேட்டின் நிதி மேட்டுக்குத் திரும்பும்வரை இந்தப் புல்தரையை வெட்ட ஒரு கைகூட இயந்திரத்தைத் தொடாது. அந்த அறிக்கை கிழியும்வரை, அதில் கையெழுத்திட்டவரை நிம்மதியாக ஓய்வுபெற விடமாட்டோம். விடுவோமா? விடமாட்டோம்!

இயக்குநர் அவர்களே, இதோ உங்களுக்கான இரண்டாவது வணக்கம். நீங்கள் கொண்டுவந்த மலர்வளையம் பெரியது. நன்றி. எங்களுக்கு அது போதாது. எங்கள் நாற்றங்காலில் ஒரு சட்டம் உண்டு. அதற்கு எங்கள் அலுவலரே கட்டுப்பட்டார். பின்கட்டில் அடுப்புப் பற்ற வைத்தாயிற்று, தண்ணீர் கொதிக்கிறது. அக்காவுக்கு ஒரு டம்ளர், சர்க்கரை இல்லாமல், தனியாக வேண்டும். அது பிறகு. முதலில் இந்த ஒலிபெருக்கியைப் பிடியுங்கள். அத்தான் கேட்க வேண்டும், அதனால் உரக்கச் சொல்லுங்கள். மூன்றே சொற்கள்தான், உங்களுக்குத் தெரியும்.

எழுந்து நில்லுங்கள், ஐயா.