ஒருவரும் வாங்காத துவக்கு

லொங்குய்ய் போகும் மெட்ரோவில் மடியில் தடித்த கோப்போடு ஒருவர். பக்கத்தில் அவர் மனைவி. கம்பியைப் பிடித்தபடி மனைவியின் தம்பி. எதிர் இருக்கையில் நான்.

"ஒருத்தரும் வாங்காத துவக்குக்குச் சரித்திரம் எழுதின ஒரே ஆள் எங்கட அத்தான்தான்," என்றான் தம்பி.

"வெள்ளைக்காரன் அந்தக் காலத்தில செய்து பாத்த கட்டைத் துவக்கடா அது. குண்டு போடுற இடம் விசைக்குப் பின்னால," என்றார் கோப்புக்காரர்.

"பேந்தேன் கைவிட்டவங்கள்?"

"சுடேக்க தோளில உதைக்கிற உதை தாங்கேலாதெண்டு சிப்பாய்மார் வேண்டாம் எண்டிட்டினம்."

"நாங்கள் துவக்குக்குப் பயந்து இஞ்ச ஓடி வந்தனாங்கள். நீங்கள் அதின்ர பிறப்பு வளர்ப்புத் தேடுறியள். வெக்கமாயில்லையோ?"

"இது ஒருத்தரையும் கொல்லேல்லையடா. அதாலதான் எழுதினனான்."



"ஞாயிறு பூசை முடிய சேர்ச் மண்டபத்தில இதை வாசிக்கிறார்," என்றாள் மனைவி. அவரைப் பார்த்துக் கேட்டாள்: "எத்தினை பேருக்கு ரோல்ஸ் பொரிக்கிறது?"

அவர் விரல் மடக்கினார். "நான், நீர், சுவாமியார்."

வண்டி நின்றது.

"எனக்கும் பொரி, அக்கா. ரோல்சுக்குத்தான் வாறன், துவக்குக்கில்லை," என்றபடி தம்பி இறங்கிப் போனான்.

அவர் இன்னொரு விரலை மடக்கினார்.

நான்கு.