மேஜை மேலிருக்கும் பித்தளை

ஐயா, உங்கள் மேஜையில் காகிதம் பறக்காமல் இருக்க ஒரு பித்தளைச் சாமானை வைத்திருக்கிறீர்களே, அதை ஜன்னலோரத்திலிருந்து கொஞ்சம் தள்ளி வைக்கச் சொல்லுங்கள். சாரல் அடிக்கிறது. பித்தளைக்கு ஒன்றும் ஆகாது. உள்ளே இருக்கும் ஊசி எஃகு. துருப்பிடித்துவிடும்.

"உன் மேல் தப்பில்லை, போகலாம்" என்று போன வாரமே சொல்லிவிட்டீர்கள். தங்கமான மனசு. போகச் சொன்ன பிறகு திரும்பி வந்து காகிதமும் பென்சிலும் கேட்டவன் இந்த ஸ்டேஷன் சரித்திரத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். என்ன செய்ய? நீங்கள் எழுதிய முடிவை ரைட்டர் எனக்கு வாசித்துக் காட்டினார். 'லாரிக்கு உரிய கார்ப்பரேட்டரைக் காரில் பொருத்தியதால் பெட்ரோல் கசிந்து தீப்பிடித்தது' என்று அதில் ஒரு வரி வருகிறது. அந்த வரி தப்பு. அதை அடிக்க வைப்பதற்காகத்தான் இதை எழுதித் தருகிறேன். மற்றபடி உங்கள் நேரத்தை வீணாக்க எனக்கு ஆசையில்லை.

என் பெயர் திருவேங்கடம். பூந்தமல்லி ரோட்டில் பதினெட்டு வருஷமாக மோட்டார் ஷெட் வைத்திருக்கிறேன். இறந்துபோன மணவாளன் ஐயா வெள்ளானூர்க்காரர். ஏரிப் பாசனத்தில் நல்ல நிலபுலம், வாய் நிறையச் சிரிப்பு, மூக்கு நிறையப் பொடி. பொடி போட்டுப் போட்டு வாசனை என்பதே அவருக்கு அற்றுப்போயிருந்தது. மல்லிகைக்கும் மாட்டுச் சாணத்துக்கும் வித்தியாசம் தெரியாது என்று அவர் சம்சாரம் தாட்சாயிணி அம்மாளே கேலி செய்வார்.

அவரிடம் இருந்தது பழைய அமெரிக்க வண்டி. துணிக் கூரை, மரச் சக்கரம், டிரைவர் முழங்காலுக்கு முன்னால் இஞ்சினைவிட உயரத்தில் பெட்ரோல் டாங்கி. சண்டைக் காலத்தில், பெட்ரோலைக் காற்றோடு கலந்து இஞ்சினுக்கு ஊட்டுகிற அதன் கார்ப்பரேட்டர் விரிசல் விட்டுப்போயிற்று. கப்பலே வராத நாளில் சாமானுக்கு எங்கே போவது? வண்டியைக் கோழி அடைக்க வைத்துக்கொள்ளலாம் என்று மற்ற மெக்கானிக்குகள் எல்லாரும் கைவிரித்துவிட்டார்கள். நான் ஆவடி மிலிட்டரி ஏலத்துக்குப் போய், உடைந்த லாரி ஒன்றிலிருந்து, இப்போது உங்கள் மேஜை மேலிருக்கும் இந்தப் பித்தளையைக் கழற்றி வந்தேன். துளை சேரவில்லை, மூடி சேரவில்லை, பெட்ரோல் நுழையும் வாய் எதிர்ப்பக்கம் இருந்தது. இருபத்தாறு நாள் அரத்தைப் போட்டு ராவினேன். இருபத்தேழாம் நாள் ஒரே சுற்றில் இஞ்சின் பிடித்தது பாருங்கள், நான் அழுதுவிட்டேன். என் கல்யாணத்தன்றுகூட எனக்கு அவ்வளவு சந்தோஷம் இல்லை. என் சம்சாரத்திடம் இதைச் சொல்ல வேண்டாம்.

நாலு வருஷம் ஓடியது ஐயா. ஒரு நாள் இருமியதில்லை.

குழாய்தான் தொல்லை. பெட்ரோல் வாய் எதிர்ப்பக்கம் இருந்ததால் பழைய செப்புக் குழாயைத் திருகித் திருப்பி விட்டிருந்தேன். அது ஆடி ஆடி அங்கங்கே கீறல் விட்டது. கீறல் விட்ட இடத்தில் துணி துவைக்கும் சோப்பை அழுத்தி நூலைச் சுற்றிவிடுவேன். பெட்ரோலில் சோப்பு கரையாது. ஷெட் வைத்திருக்கும் எல்லாரும் செய்கிற வேலைதான். சூடு பட்டால் மட்டும் இளகிவிடும். அதனால் அடிக்கடி மாற்ற வேண்டும்.

புரட்டாசியில், ஆயுத பூசைக்குப் பத்து நாள் முன்னால், மணவாளன் ஐயா வண்டியோடு வந்து இறங்கினார்.

"இன்னாடா திருவேங்கடம், கொழாயெல்லாம் புண்ணு புடிச்சிக் கீது. பூசைக்கு முன்ன மொத்தத்தையும் புச்சா மாத்திடு."

"மாத்திடறேன் மொதலாளி."

"இன்னொண்ணு கேளு. பம்பாய்லேந்து ஒரிஜினல் கார்ப்பரேட்டர் வருது. சண்டைதான் முடிஞ்சி போச்சே. பூசை ஆனதும் இந்த லாரிச் சனியனக் கயட்டிட்டு அத மாட்டு."

"இது நல்லாத்தானே ஓடுது மொதலாளி?"

"ஓடுது. யாருன்னா பானட்ட தொறந்தா எனக்கில்ல மானம் போவுது. பித்தளதானே, எடைக்குப் போட்டு ஒரு சொம்பு வாங்கிக்க."

ஷெட்டில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நல்ல வேடிக்கைதான், யோசித்துப் பார்த்தால்.

அன்று சாயங்காலமே ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். ஒரு பொருளை மதிக்கத் தெரியாதவரிடம் அது இருக்கக் கூடாது. இது எனக்கு மட்டும் தோன்றுகிற நியாயம் இல்லையே? குழந்தையை அடிக்கிறவனிடமிருந்து குழந்தையைப் பிடுங்கிக்கொண்டால் ஊரே நல்லது என்று சொல்லும்.

மணவாளன் ஐயாவின் பூசை முறை சுற்று வட்டாரத்தில் எல்லாருக்கும் தெரியும். ஆயுத பூசையன்று வண்டியை வெள்ளானூர் எல்லையம்மன் கோயிலுக்கு ஓட்டிப்போய் நிறுத்துவார். பானட்டை இரண்டு பக்கமும் திறந்துவிடுவார். இஞ்சினை மட்டும் நிறுத்த மாட்டார். இஞ்சின் ஓடினால்தான் வண்டிக்கு உயிர் இருக்கிறதாம், உயிர் உள்ளதற்குத்தான் திருஷ்டி கழிக்க வேண்டுமாம். பூசணிக்காய் மேல் கட்டிக் கற்பூரத்தை ஏற்றி, பூசாரி கையில்கூடக் கொடுக்காமல் தானே குனிந்து, ஓடுகிற இஞ்சினுக்கு மூன்று சுற்று சுற்றுவார். இதை நான் ஏற்படுத்தவில்லை. அவராகவே வைத்துக்கொண்ட வழக்கம்.

நான் செய்ததெல்லாம் குழாய் வேலை மட்டும்தான். புதுச் செப்புக் குழாயை வாங்கி, அனலில் காட்டி இளக்கி, சுருக்கம் விழாமல் வளைத்தேன். புகைக்குழாய்க்கு மேலாக அது போகிற வளைவை நீங்கள் பார்த்திருந்தால் தொட்டுப் பார்த்திருப்பீர்கள். கடைசி மூட்டில், கார்ப்பரேட்டருக்கு ஒரு சாண் முன்னால், நட்டுக்குள் போடவேண்டிய வளையத்தைப் போடவில்லை. சோப்பை வைத்தேன். சூடேறிச் சோப்பு இளக எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று ஷெட்டிலேயே மூன்று தடவை கடிகாரம் வைத்துப் பார்த்தேன். மூன்று தடவையும் முப்பத்தைந்து நிமிஷத்துக்கு முன்னால் ஒரு சொட்டும் விழவில்லை. மாட்டு வண்டிக்கெல்லாம் மரியாதையாக ஒதுங்கிப் போகிற மணவாளன் ஐயா என் ஷெட்டிலிருந்து வெள்ளானூர் போய்ச் சேர முக்கால் மணி நேரம் ஆகும். வேலை என்றால் இப்படித்தான் செய்ய வேண்டும், அரைகுறையாகச் செய்வது எனக்குப் பிடிக்காது.

இதெல்லாம் பூசைக்கு முதல் நாளே முடிந்துவிட்டது. ஆயுத பூசையன்று கருவிகளைத் தொடக் கூடாது அல்லவா? என் ஸ்பானர்களுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்துப் படுக்க வைத்துவிட்டேன். அன்று முழுக்க நான் ஒரு திருப்புளியைக்கூடத் தொடவில்லை. இதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

காலையில் வண்டியை எடுக்க ஐயாவும் அம்மாளும் ஷெட்டுக்கு வந்தார்கள், அவர்களோடு நானும் வண்டியில் போனேன். அருமையான வெயில். வழியெல்லாம் மணவாளன் ஐயா பாடிக்கொண்டே வந்தார், சுருதி இல்லாவிட்டாலும் உற்சாகம் இருந்தது. கோயிலில் இறங்கியதும் தாட்சாயிணி அம்மாள் முகத்தைச் சுளித்தார்.

"இன்னா அண்ணாத்தே, பெட்ரோலு நாத்தம் கொமட்டுது?"

"புதுக் கொழாய்மா, ரெண்டு நாளைக்கி அப்டித்தான் இருக்கும். நீங்க அந்த வேப்ப மரத்தாண்ட போயி நில்லுங்க, வெயிலாக் கீது."

இதைச் சொல்ல வேண்டிய அவசியம் எனக்கு இல்லை. ஆனாலும் சொன்னேன். அந்த அம்மா இன்று உயிரோடு இருக்கிறார் என்றால் அதற்கு நான்தான் காரணம்.

பூசாரி முனியன் சாம்பிராணிப் புகையைக் கிளப்பினான். மற்றவர்களுக்கும் வாசனை தெரியாமல் போயிற்று. அப்போது மணவாளன் ஐயா என்னைக் கூப்பிட்டு, எல்லார் முன்னாலும் ஒரு ஜரிகை வேட்டியை என் தோளில் போட்டார். "இவன் கை பட்டாத்தான் என் வண்டி ஓடும்" என்றார். ஒரு நிமிஷம் எனக்கு மனசு இளகிப்போயிற்று, பொய் சொல்லவில்லை. நிறுத்திவிடலாமா என்றுகூட நினைத்தேன். அதற்குள் அவரே பக்கத்தில் நின்றவரிடம், "உள்ள ஒரு லாரிச் சாமான் கீது, அடுத்த வாரம் தூக்கிக் கடாசிடப் போறேன்" என்றார்.

நான் வேட்டியை மடித்துக்கொண்டு நாலடி தள்ளி நின்றேன்.

அவர் குனிந்தார். ஒரு சுற்றுகூட முடியவில்லை. முனியனுக்குப் புருவம் மட்டும் போயிற்று, பாவம், இன்னும் முளைக்கவில்லை. மணவாளன் ஐயா ஆஸ்பத்திரியில் மூன்று நாள் இருந்தார். நான் தினமும் இளநீர் எடுத்துப் போனேன்.

காரியத்துக்கும் போயிருந்தேன். வடை நன்றாக இருந்தது. தாட்சாயிணி அம்மாள் என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தார்.

"அண்ணாத்தே, நீ மனசுல ஒண்ணும் வச்சிக்காத. நீ இன்னா பண்ணுவ? எல்லாம் அந்த லாரிச் சாமான் பண்ண வேல. இன்ஸ்பெட்டரே எயுதிட்டாரு."

அந்த அம்மா என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். ஒரு பாவமும் அறியாததன் மேல் பழியைப் போட்டுவிட்டு எனக்கு ஆறுதல் சொல்கிறாரே! அன்றிலிருந்து எனக்குச் சரியாகத் தூக்கமில்லை. அதனால்தான் வந்தேன்.

ஆகவே தெளிவாக எழுதுகிறேன். வெள்ளானூர் மணவாளனைக் கொன்றது நான். பத்து நாள் யோசித்து, மூன்று தடவை சரிபார்த்துச் செய்தேன். கார்ப்பரேட்டருக்கு இதில் எந்தச் சம்பந்தமும் இல்லை. சுற்றிலும் அவ்வளவு நெருப்பு எரிந்தும், டாங்கியில் சொட்டு இருந்த வரைக்கும் அது இஞ்சினை ஓட்டிக்கொண்டுதான் இருந்தது. நான் என் காதால் கேட்டேன். அந்த வரியை அடித்துவிட்டு இதை எழுதிக்கொள்ளுங்கள். பிறகு எங்கே கையெழுத்துப் போடச் சொன்னாலும் போடுகிறேன்.

கோபத்தில் செய்தேன் என்று மட்டும் தயவுசெய்து எழுத வேண்டாம். மணவாளன் ஐயா மேல் எனக்குக் கோபமே கிடையாது. இருந்திருந்தால் கை நடுங்கியிருக்கும், அந்தக் குழாய் அவ்வளவு அழகாக வளைந்திருக்காது.