ஜப்பான்காரனின் 'கெதியா'

"ஜப்பான்காரன் எப்பிடி 'கெதியா' எண்டு எழுதுவான்?"

உடுப்பிட்டிப் பஸ்ஸில் எனக்கு முன் சீற்றில் இருந்த கண்ணாடிக்காரர், பக்கத்தில் இருந்த நண்பரைக் கேட்டார்.

"ஆர்?"

"நான் எழுதி இணையத்திலை விட்ட எடிட்டர் பிளகின், அந்தச் சின்னக் கம்பியூட்டர் புரோகிராம், இனிப் பழைய பைதன் மொழியிலை ஓடாது எண்டு அறிவிச்சனெல்லே? ஒருத்தன் மட்டும் ஜப்பான் பேரிலை வந்து, பழசையும் வைச்சிருக்கச் சொல்லி இங்கிலீசிலை கெஞ்சுறான். கடைசி வரியிலை 'சீக்கிரம்' எண்டதுக்குக் கை தவறி எங்கடை ஊர்க் 'கெதியா'வைப் போட்டிருக்கிறான்."

நண்பர் யன்னல் பக்கம் திரும்பினார். "எங்கடை ஆக்கள் ஜப்பானிலையும் இருக்கினம்."

"ஓம், இருக்கினம். நீர் புதுப் பைதனுக்கு மாறீட்டன் எண்டு ஒபிசிலை சொன்னனீர், என்ன?"

நண்பர் எழும்பி மணியை அடித்தார்.

"உடுப்பிட்டி இன்னும் வரேல்லையே?"

"இல்லையப்பா, ஒரு அலுவல். கெதியா இறங்கவேணும்."