தட்டில் ஆறிய குடல்

குட்டிக்குடலுக்கு ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று கிடையாது. என் வேலையைப் பற்றி முதலில் எழுதச் சொன்னீர்கள், அதனால் இதிலிருந்தே தொடங்குகிறேன். அறுவைச் சிகிச்சையில் வெட்டியெடுத்த குடல் துண்டு எங்கள் ஆய்வகத்துக்கு ஐஸ் பெட்டியில் வரும். அதன் உள்சுவரில் இருக்கும் குருத்துச் செல்களை, ஸ்டெம் செல் என்று பத்திரிகைகளில் போடுவார்களே அவற்றைத்தான், பிரித்தெடுத்து ஜெல் சொட்டுக்குள் வைத்து வளர்ப்போம். சில நாளில் கடுகைவிடச் சிறிய உருண்டைகள் தெரியும். பிறகு அவற்றில் முளை விடும். குட்டிக்குடல் என்று நாங்கள் சொல்வது இவற்றைத்தான். மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் அசல் குடல்தான், வயிறு மட்டும் இருக்காது. ஒருநாள் விட்டு ஒருநாள் பழைய மீடியத்தை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதியதை ஊற்ற வேண்டும். அதுதான் அவற்றுக்குச் சாப்பாடு. கல்யாணம், காய்ச்சல் என்று சாக்குச் சொன்னால் அவற்றுக்குப் புரியாது. வெளியூரில் போய் நான் படுத்துத் தூங்கிப் பல வருஷமாகிறது. இதைக் குறையாகச் சொல்லவில்லை, நீங்கள் கேட்டதால் சொல்கிறேன்.

குருத்துச் செல் தனியாக இருந்தால் குருத்தாக நீடிக்காது. பக்கத்துச் செல் அதனிடம் ‘நீ இப்படியே இரு’ என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். வாயால் அல்ல, ஒரு புரதத்தால். ஆய்வகத்தில் அந்தப் புரதத்தை நாங்கள் மீடியத்தில் கலந்துவிடுகிறோம். நிறுத்தினால் அது வேறு செல்லாக மாறி, கொஞ்ச நாள் வேலை பார்த்து, உதிர்ந்துவிடும். எங்கள் குழுவில் ஒரு பெண் இருக்கிறாள். எதற்கெடுத்தாலும் ஏன் என்று கேட்பதால் அவளுக்கு ‘ஏன்’ என்றே பெயர் வைத்துவிட்டோம். அவள் ஒருமுறை என்னிடம் கேட்டாள்.

“மாறினாத்தானே மேடம் அது குடல்? மாறாமயே இருந்தா வெறும் உருண்டைதானே?”

சிரித்துவிட்டு என் வேலையைப் பார்த்தேன்.

இனி என் தம்பி. அப்பா அம்மா போன பிறகு அவன் என்னோடுதான் இருந்தான். கட்டட வரைபடம் போடுபவன், நல்ல கைவேலைக்காரன். பெருங்குடலில் புண் வந்த நாள் முதல் அவன் வெளியே போவது குறைந்துகொண்டே வந்தது. எந்தக் கடையில் உள்ளே விடுவார்கள், எந்த அலுவலகத்தில் வாசலிலேயே மடக்குவார்கள் என்பதெல்லாம் அவனுக்கு அத்துப்படி. “இந்த ஊருக்கு நான் ஒரு மேப் போடட்டுமாக்கா? தெருப் பேரே இருக்காது, பூராவும் கக்கூஸ்தான்” என்பான். கடைசியில் மேசையைக் குளியலறைக்கு அடுத்த அறைக்கு மாற்றிக்கொண்டு வீட்டிலிருந்தே வரைந்தான். ரத்தக்கறைத் துணிகளை நான்தான் துவைத்தேன். காரமில்லாமல், எண்ணெயில்லாமல் அவனுக்குத் தனியாகச் சமைத்தேன். வேலை முடிந்து வந்து கதவைத் திறந்தால் உள்ளே இருந்து “அக்காவா?” என்று குரல் வரும். நாளெல்லாம் நான் அந்தக் குரலுக்காகத்தான் காத்திருந்தேன்.

அப்போதுதான் குடல் டாக்டர் ஒரு புது மருந்தை எழுதினார். காப்ஸ்யூல். அவனுக்கு மறதி அதிகம் என்பதால் டப்பாவை நானே வைத்துக்கொண்டு, காலையும் மாலையும் தண்ணீரோடு கையில் கொடுப்பேன். முதல் வாரத்தில் ஒன்று வாய்க்குள்ளேயே உடைந்துவிட்டது. “எட்டிக்காயாக் கசக்குதுக்கா” என்று நாள் முழுக்கத் துப்பிக்கொண்டே திரிந்தான்.

அவன் தேறினான். ஒருநாள் தெருமுனைக்குப் போனவன் வெகுநேரமாகத் திரும்பவில்லை. நான் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். பஸ்ஸில் போனானாம்.

“சும்மாதான்க்கா. கடைசி ஸ்டாப் வரைக்கும் போனேன். நடுவுல எங்கயும் இறங்கவே தேவைப்படலை.”

அவன் முகத்தில் அப்படியொரு களையை நான் பார்த்ததில்லை. எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. தயவுசெய்து இதையும் பதிவு செய்துகொள்ளுங்கள்.

பிறகு கடலோர நகரம் ஒன்றில் அவனுக்கு வேலை கிடைத்தது. சக்கரம் வைத்த பெட்டியை நான்தான் வாங்கிக் கொடுத்தேன். “நீ ஒண்டியா என்னக்கா பண்ணுவே?” என்று கேட்டான். “எனக்கென்னடா, குட்டிக்குடல் இருக்கே” என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம்.

அந்த வாரம்தான் காப்ஸ்யூல்களைத் திறந்தேன்.

அது பெரிய வித்தையில்லை. இரண்டு உறைகளை ஒன்றுக்குள் ஒன்று செருகியிருப்பார்கள். கண்ணுக்குத் தெரியாததைக் கையாண்டு பழகிய விரலுக்கு அது விளையாட்டு. மருந்தைக் கொட்டிவிட்டுக் குளுக்கோஸ் தூளை நிரப்பி மூடினேன். நிறத்தில் வித்தியாசம் தெரியவில்லை. மழைக்காலம் முடியும்வரை என்றுதான் நினைத்தேன். புது ஊரில், கொட்டுகிற மழையில், அவன் அறை தேடி அலைய வேண்டாமே. லேசாக வயிறு வலித்தால் பயணத்தைத் தள்ளிப்போடுவான், அவ்வளவுதான்.

லேசாக வலிக்கவில்லை. பெட்டி பீரோ மேலே ஏறியது. அவன் மறுபடி அந்த அறைக்குள் போனான். ஒருநாள் குளியலறைத் தரையில் சுருண்டு கிடந்தவனைத் தூக்கி உட்கார வைத்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

“நீ இல்லேன்னா நான் என்னக்கா ஆயிருப்பேன்?”

தலையைத் தடவிக் கொடுத்தேன்.

மழை நின்றது. ஒவ்வொரு டப்பா தீரும்போதும் அடுத்ததில் கை வைக்கக் கூடாது என்றுதான் நினைப்பேன். மருந்து கொடுத்தால் குணமாவான். குணமானால் போய்விடுவான். இந்த இரண்டுக்கும் நடுவே வேறு வழி எனக்குத் தெரியவில்லை. கதவைச் சாத்திய அந்த வீட்டில் மாட்டிக்கொண்டிருந்தவன் அவன் மட்டும்தான் என்று நீங்கள் நினைப்பது சரியில்லை.

டாக்டர் ஒருநாள் கையை விரித்துவிட்டார். “மருந்து கேக்கலைம்மா. பெருங்குடலை எடுத்துற வேண்டியதுதான்.” சம்மதக் கையெழுத்துப் போட என்னைக் கூப்பிட்டார்கள். என் பேனா எழுதவில்லை. அவர் தன் பேனாவைத் தேடி எடுத்துக் கொடுத்தார். அதற்குள் சொல்லியிருக்க முடியும், நேரம் இருந்தது. ஆனால் குடலே இல்லையென்றால் நோயும் இல்லை, காப்ஸ்யூலும் இல்லை, நான் எதையும் திறந்து மூட வேண்டியதும் இல்லை என்று மனசு ஒருமாதிரி லேசாகிவிட்டது. வயிற்றில் துளை போட்டு ஒரு பை மாட்டுவார்கள் என்றும் சொன்னார். அதை மாற்றிவிடக் கூடவே ஒரு ஆள் வேண்டுமே என்று யோசித்தபடி கையெழுத்துப் போட்டேன்.

ஐஸ் பெட்டி எங்கள் ஆய்வகத்துக்குத்தான் வந்தது. துண்டுகளில் ஆள் பெயர் இருக்காது, ஓர் எண்ணும் அந்த ஆளுக்குக் கேட்காத மருந்தின் பெயரும்தான். எனக்குத் தெரியாதா? நானே கழுவி, நறுக்கி, ஜெல்லில் வைத்தேன். அத்தனை செழிப்பாக வளர்ந்த குட்டிக்குடலை நான் பார்த்ததேயில்லை. ‘ஏன்’ அவற்றில் முதலில் புண்ணை உண்டாக்கினாள், பிறகு பாதிக்கு மட்டும் அதே மருந்தை விட்டாள். வளர்ப்புத் தட்டில் மருந்து விட்ட குழிகளில் எல்லாம் புண் ஆறிப் புது முளை வந்திருந்தது. அவளுக்கு முன்பே நான் பார்த்துவிட்டேன். ஒரு சொட்டு சோப்புத் தண்ணீரில் அந்தத் தட்டைக் கெடுத்திருக்கலாம். செய்யவில்லை. வேலையில் நான் இதுவரை பொய் சொன்னதில்லை.

அவள் சும்மா இருப்பாளா? நேராக டாக்டரிடமே போய், “தட்டுல ஆறுற குடல், ஆள்கிட்ட ஏன் சார் ஆறலை?” என்று கேட்டிருக்கிறாள். அடுத்த முறை காட்டப் போனபோது டாக்டர் தம்பியிடம், “மாத்திரையை ஒழுங்காப் போட்டீங்களா?” என்றார்.

“அக்கா கையால குடுத்தாங்க டாக்டர். போடாம எப்படித் தப்பிக்கிறது?”

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். டாக்டர் சிரிக்கவில்லை. மிச்சம் இருந்தால் கொண்டுவரச் சொன்னார்.

மிச்சம் இருந்தது. சோதனை முழுதாக முடியும்வரை எதையும் எறிவதில்லை என்பது எங்கள் ஆய்வகப் பழக்கம். வீட்டிலும் அப்படியே இருந்துவிட்டேன். சமையலறை அலமாரியிலிருந்து டப்பாவை எடுத்தவன், ஒரு காப்ஸ்யூலைப் பிரித்து, தூளை நுனிநாக்கில் வைத்துப் பார்த்தான். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. இருவரும் அதை அணைக்கவில்லை.

“இனிக்குதுக்கா” என்றான்.

வேறெதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இதையெல்லாம் அவனிடமே சொல்லியிருப்பேன்.

நீங்கள் தெளிவாக எழுதச் சொன்ன வாக்கியம் இது, இன்ஸ்பெக்டர். என் தம்பியின் மருந்தைக் கொட்டிவிட்டு வெறும் குளுக்கோஸைக் கொடுத்தது நான்தான். அது தெரிந்தே அவன் குடலை அறுக்கக் கையெழுத்துப் போட்டதும் நான்தான். யாரும் தூண்டவில்லை.

அவன் பீரோ மேலிருந்த பெட்டியை இறக்கி எடுத்துக்கொண்டு அந்தக் கடலோர நகரத்துக்கே போய்விட்டான் என்று காலையில் சொன்னீர்கள். வயிற்றுப் பையைத் தானே மாற்றிக்கொள்கிறான் என்றும் சொன்னீர்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கடைசி ஸ்டாப் வரை போனவன் அன்றும் திரும்பித்தானே வந்தான்? என் கைப்பையில் வீட்டுச் சாவி இருக்கிறது. அதைப் பக்கத்து வீட்டில் கொடுத்து வையுங்கள். வந்து நிற்கும்போது கதவு பூட்டியிருந்தால், பாவம், அவன் எங்கே போவான்?