அன்னாமேரி பார்த்த வண்டி

மூலக்குளத்தில் மாடியறை வாடகைக்கு எடுக்கிறவர்கள் கீழே என்ன கடை இருக்கிறது என்று பார்த்துக்கொள்வது நல்லது. என் அறைக்குக் கீழே பேக்கரி. காலை பத்து மணிக்கு ரொட்டி வேகும்போது, மேலே கண்ணை மூடிப் படுத்திருப்பவர்கள் மூக்கை உறிஞ்சுவார்கள். அதனால்தான் என்னிடம் வந்தவர்களில் மூன்றில் ஒருவர் போன ஜென்மத்தில் பிரெஞ்சுக்காரன் காலத்து ரொட்டிக்கடையில் வேலை பார்த்திருக்கிறார். நான் யாரையும் மறுத்துப் பேசியதில்லை.

இன்ஸ்பெக்டர் ஐயா, முதலிலிருந்து எழுதச் சொன்னீர்கள். என் பெயர் அரிகரன். பதினைந்து வருஷம் மருந்துக் கம்பெனியில் விற்பனைப் பிரதிநிதியாக இருந்தேன். பிறகு சென்னையில் ஆறு நாள் ஹிப்னாடிஸம் படித்து, சான்றிதழைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டிக்கொண்டேன். கல்யாணம் தள்ளிப்போகிறவர்கள், முதுகுவலி தீராதவர்கள் வருவார்கள். படுக்கவைத்து, முன்ஜென்மத்தில் என்ன குற்றம் என்று பார்த்து, பரிகாரம் சொல்லி அனுப்புவேன். பெரும்பாலும் வில்லியனூர் கோயிலில் ஒன்பது வாரம் விளக்கு. விளக்குப் போட்டு யாரும் கெட்டுப்போகவில்லை.

அமிர்தசாமி தன் மனைவி அன்னாமேரியைக் கூட்டிக்கொண்டு வந்தது போன வருஷம் ஜூலையில். வெல்டிங் வேலை செய்கிறவர். அதற்கு ஆறு மாதம் முன்பு, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, அன்னாமேரி தன் மகனை ஸ்கூட்டியில் பின்னால் உட்காரவைத்து வீட்டுக்குப் போயிருக்கிறார். பாகூர் போகும் சாலையில், கரும்புத் தோட்டத்துக்குப் பக்கத்தில், ஒரு வண்டி இடித்துவிட்டுப் போய்விட்டது. பையன் செத்துப்போனான். அருண் சேவியர் என்று பெயர், பத்து வயது. தாய்க்குத் தலையில் அடி. எட்டு நாள் கழித்துக் கண் விழித்தபோது அந்தக் காலைப்பொழுது மட்டும் நினைவில் இல்லை.

"போன ஜென்மமெல்லாம் எங்களுக்கு வாணாம் சார். எங்க வேதத்துல அது கெடையாது" என்றார் அமிர்தசாமி. "அந்த ஒரு நாளு இவளுக்கு ஞாபகம் வந்தா போதும். வண்டி நம்பர் தெரிஞ்சா போலீஸ்ல புடிச்சிருவாங்க."

இந்தப் பக்கத்தில் இப்படி ஒரு போர்டு வைத்திருப்பது நான் ஒருவன்தான். வேறு எங்கே போவார்கள்?

மூன்றாவது முறை படுத்தபோதுதான் அன்னாமேரி பேசினார். கணவர் வெளியே மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார்.

"வெள்ளக் காரு. பின்னால வந்து இடிச்சிடுச்சி. ஒருத்தர் எறங்கி வர்றாரு. காலுல செருப்பு இல்ல. தம்பி அவருகிட்ட இன்னாமோ சொல்றான்."

நான் கார் ஓட்டும்போது செருப்பைக் கழற்றிவிடுவேன். பல வருஷப் பழக்கம். பையன் என்ன சொன்னான் என்பதும் எனக்குத் தெரியும். "அம்மாவ பாருங்க அங்கிள்" என்றான். பார்த்தேன். மூச்சு இருந்தது. பிறகு காரில் ஏறிக்கொண்டேன்.

அடுத்ததாக அந்த அம்மா முகத்தைச் சொல்வார், இல்லை நம்பரைச் சொல்வார். நான் நிதானமாகத்தான் யோசித்தேன். நம்பரைச் சொல்வதால் போன உயிர் திரும்பி வராது. எனக்கும் கல்யாணத்துக்கு நிற்கிற மகள் ஒருத்தி இருக்கிறாள். யாருக்கும் அடி விழாமல் இதை முடிக்க ஒரு வழி இருந்தது, அது எனக்கு நன்றாகத் தெரிந்த வழியும்கூட.

"காரா?" என்று கேட்டேன். "நல்லா பாருங்கம்மா. இது இந்தக் காலம் இல்ல. மண்ணு ரோடு. மாடு தெரியுதா?"

மூடிய இமைக்குள் கண் அங்குமிங்கும் தேடியது. "தெரியுது."

"வெள்ள மாடா?"

"வெள்ள மாடு."

"வண்டிய ஓட்றது யாரு? கயித்தப் புடிச்சிருக்கிற கையப் பாருங்க. வளையல் இருக்கா?"

"இருக்கு." அவர் விரல்கள் கயிற்றைப் பிடிப்பதுபோல் மூடின. "அது என் கை சார்."

"ஆமாம்மா" என்றேன்.

எழுந்ததும் விளக்கிச் சொன்னேன். எந்தக் காலத்திலோ யாரோ பெற்ற குழந்தைமேல் வண்டியை ஏற்றியிருக்கிறீர்கள், அதுதான் இந்தப் பிறவியில் உங்கள் பிள்ளையைக் கொண்டுபோனது என்று. நெடுநேரம் அழுதார். காரணம் தெரியாமல் தவிப்பதைவிடக் காரணம் தெரிந்து அழுவது நல்லது. அதன் பிறகு நாலு முறை வரவழைத்து, பார்த்ததையே திரும்பத் திரும்பப் பார்க்கவைத்தேன். மாடு, கயிறு, வளையல் எல்லாம் நன்றாகப் பதிந்துவிட்டது. அமிர்தசாமிக்கு இதில் துளியும் நம்பிக்கையில்லை. ஆனால் பேசாமல் கிடந்த பெண்டாட்டி வாய்திறந்து பேசுகிறாளே என்று விட்டுவிட்டார்.

நான் செய்த தப்பு ஒன்று உண்டு, ஒத்துக்கொள்கிறேன். அன்னாமேரி வேதக்காரர் என்பதை மறந்துபோனேன். மற்றவர்களாயிருந்தால் விளக்குப் போட்டுவிட்டு நிம்மதியாகப் போயிருப்பார்கள். அவர் கேட்டது, "சார், இதுக்கு நான் பாவசங்கீர்த்தனம் பண்ணணுமா?" என்று. பண்ணுங்கம்மா, நல்லதுதான் என்றேன். சாமியாரிடம் சொன்னால் அவர் மன்னித்து நாலு செபம் சொல்லச் சொல்வார், அதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

பங்குச் சாமியார் படித்தவர், நல்லவர். "போன பிறவின்னு ஒண்ணு இல்லம்மா. நீ செய்யாத பாவத்த நான் எப்படி மன்னிக்கிறது?" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அவர் சொன்னது சரிதான். ஆனால் அன்னாமேரியின் காதில் விழுந்தது, உன் பாவத்துக்கு மன்னிப்பு இல்லை என்பதுதான். வேறு கோயில்களுக்கும் போய்ப் பார்த்தார். எல்லாச் சாமியாரும் அதையேதான் சொன்னார்கள். பூசையில் நன்மை அப்பம் வாங்குவதை நிறுத்திவிட்டார். கல்லறைத் திருநாளன்று ஊரே மெழுகுவத்தியும் பூவுமாக உள்ளே போக, இவர் மட்டும் கல்லறைத் தோட்டத்து கேட்டுக்கு வெளியே நின்றிருக்கிறார். கொன்றவள் எப்படிப் பிள்ளையின் குழியை மிதிப்பது என்று கேட்டாராம். அமிர்தசாமி தனியாகப் போய்ப் பையனுக்கு மெழுகுவத்தி ஏற்றினார்.

சாப்பாடு குறைந்தது. போன மாதம் மூன்று தடவை உங்கள் ஸ்டேஷனுக்கு வந்து, "எம்புள்ளைய நாந்தான் கொன்னேன், எழுதிக்குங்க" என்று நின்றார். நீங்கள் திருப்பி அனுப்பினீர்கள். என்னைக் கூப்பிட்டு, அந்தப் பொம்பளையை என்ன செய்து வைத்திருக்கிறாய் என்று கேட்டீர்கள்.

நான் கல்நெஞ்சக்காரன் இல்லை. வீட்டுக்கே போய் அவரைப் படுக்கவைத்து, போட்ட முடிச்சை அவிழ்த்துவிடலாம் என்று பார்த்தேன். மெலிந்துபோன அவர் கையில் எலும்பு தெரிந்தது. "நல்லா பாருங்கம்மா, தார் ரோடு. வெள்ளக் காரு தெரியுதா?" என்றேன்.

"இல்ல சார். மாடு."

மறுபடி மறுபடி கேட்டேன். கார் நிறத்தைச் சொன்னேன், செருப்பில்லாத காலைச் சொன்னேன். ஒரு பிற்பகல் முழுக்க அவர் நினைவுக்குள் என் காரையே தேடிக்கொண்டிருந்தேன். அது அங்கே இல்லை.

கடைசியில் அவரை எழுப்பி உட்காரவைத்து, நேராகவே சொல்லிவிட்டேன். கார் என்னுடையது, ஓட்டியது நான், இறங்கி வந்தது நான், உங்கள் பையன் பேசிக்கொண்டிருக்கும்போதே விட்டுவிட்டு வந்ததும் நான் என்று. அமிர்தசாமி பக்கத்தில்தான் இருந்தார். என்னை அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் என் பக்கமே திரும்பவில்லை. மனைவியின் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டார்.

"கேட்டியாடி? இவன்தான்டி. நீ இல்லடி மேரி, நீ ஒண்ணும் பண்ணல" என்று உலுக்கினார்.

அன்னாமேரி அவர் கையை மெல்ல விலக்கிவிட்டு என்னைப் பார்த்தார். முகத்தில் கோபம் இல்லை. என்மேல் பரிதாபப்படுவது தெரிந்தது.

"நீங்க இன்னா சார் பண்ணுவீங்க?" என்றார். "போன பொறவில நான் ஒரு கொழந்த மேல வண்டிய வுட்டேன். அதுக்குத் தண்டன குடுக்க யாராச்சும் வந்துதான ஆவணும். அந்தப் பாவத்துல உங்களையும் இழுத்து வுட்டுட்டேன். என்ன மன்னிச்சிருங்க சார்."

எழுந்து காலில் விழ வந்தார். அவ்வளவு தூரம் கேட்கிறவரிடம் மாட்டேன் என்று சொல்வது முறையில்லை. மன்னித்துவிட்டேன் என்று சொன்னேன்.

மேலே எழுதியது எல்லாம் உண்மை. எதையும் மறைக்கவில்லை, கையெழுத்தும் போடுகிறேன். ஆனாலும் ஐயா, அந்த அம்மா சொன்னதை இரண்டு நாளாக யோசித்துப் பார்க்கிறேன். அதிலும் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்கிறது.